ஒரு சாண் புல்லட்! ஓடாது... ஆனால் ஆளை ஓட்டி எடுத்துவிடும்!

விருத்தாசலம்:-

பொம்மைக்கு உடம்பில் தழும்பு இருக்குமா?

இருக்கும். விருத்தாசலம் பீங்கான் பட்டறைகளில் அச்சை விட்டு வெளியே வரும் ஒவ்வொரு பொம்மைக்கும் இருக்கிறது. தலை உச்சியில் ஆரம்பித்து காது ஓரமாக இறங்கி, தோள், இடுப்பு, கால் என்று ஒரு மெல்லிய கோடு ஓடும். அச்சின் இரண்டு பாதியும் சேருகிற இடத்தில் மண் பிதுங்கி விழுகிற கோடு அது.

அந்தக் கோட்டைக் கத்தியால் சுரண்டி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, இருந்த இடம் தெரியாமல் ஆக்க வேண்டும். அப்போதுதான் பிள்ளையார் பிள்ளையாராக இருப்பார். சோம்பேறித்தனமாக விட்டுவிட்டால் சூளையில் வெந்து கல்லாகிவிடும். அப்புறம் எத்தனை கோட்டிங் பெயிண்டு அடித்தாலும் மறையாது. பளபளவென்று பெயிண்டு ஏற ஏற, கோடு இன்னும் எடுப்பாகத் தெரியும்!

இதே தழும்பு ஜப்பான் மோட்டார் சைக்கிளிலும் இருக்கிறது என்றால் நம்புவீர்களா?

ரோட்டில் ஓடும் வண்டி அல்ல. அட்டைப் பெட்டிக்குள் உதிரி உதிரியாக வரும் குட்டி வண்டி. அதை வாங்கி, ஒட்டி, பெயிண்டு அடித்து, சொந்த வண்டி மாதிரியே ஜோடித்து அலமாரியில் வைக்கும் ஆசை ஊர் ஊராகப் பரவியிருக்கிறது. "மாடல் கிட்" என்று பெயர்.

சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம் என்று நினைத்துவிடாதீர்கள். இதில் மூழ்கிக் கிடப்பவர்களில் மீசை நரைத்தவர்கள் உண்டு.

பெட்டிக்குள் வண்டி

கிட் என்றால் என்ன? பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கை உருக்கி இரும்பு அச்சுக்குள் அழுத்தி வார்க்கிறார்கள். டேங்கு, மட்கார்டு, எஞ்சின், சங்கிலி என்று எல்லாப் பாகமும் ஒரு சட்டத்தில் காய் காய்த்த மாதிரி தொங்கிக்கொண்டு வரும். வெட்டி எடுத்து, கோட்டைத் தேய்த்து, ஒட்ட வேண்டும். இதற்கு உள்ள பசை பிசின் மாதிரி பிடிப்பதில்லை. பிளாஸ்டிக்கையே கொஞ்சம் கரைத்து இரண்டையும் ஒன்றாக்கிவிடும். தப்பாக ஒட்டினால் பிரிக்க முடியாது. கல்யாணம் மாதிரி!

ஜப்பானில் ஷிசுவோகா நகரத்து டாமியா கம்பெனி இதில் பெயர் போனது. இத்தாலியில் புரோட்டார் என்று ஒரு கம்பெனி இருந்தது. அதை ஆரம்பித்தவர் டார்க்வினியோ புரோவினி. 1957-லும் 1958-லும் மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் உலக சாம்பியன் பட்டம் வாங்கியவர். 1966-ல் 'ஐல் ஆஃப் மேன்' தீவுப் பந்தயத்தில் விழுந்து பலத்த அடி. பந்தய வாழ்க்கை அதோடு முடிந்தது. பெரிய வண்டியை விட்ட கை சின்ன வண்டியைப் பிடித்துக்கொண்டது. புரோட்டார் வண்டிகள் நிஜ வண்டியில் 9-ல் ஒரு பங்கு.

டாமியாவின் மோட்டார் சைக்கிள்கள் பெரும்பாலும் 12-ல் ஒரு பங்கு.

12-ல் ஒரு பங்கு என்றால் எவ்வளவு? நம்ம ஊர் பழைய புல்லட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். முன் சக்கர அச்சுக்கும் பின் சக்கர அச்சுக்கும் நடுவே 1,370 மில்லி மீட்டர். குட்டி வண்டியில் அது 114 மில்லி மீட்டர். மொத்த நீளம் ஒரு சாணுக்கும் குறைவு. 14 லிட்டர் பிடிக்கும் டேங்கில், குட்டியாக்கினால் 8 மில்லிதான் பிடிக்கும். இருமல் மருந்து மூடி அளவு!

விலை மட்டும் சுருங்கவில்லை. வெளிநாட்டுப் பொம்மைகளுக்கான சுங்க வரியை மத்திய அரசு 2020 பிப்ரவரியில் 20 சதவீதத்தில் இருந்து 60 சதவீதமாக உயர்த்தியது. 2023-ல் 70 சதவீதம். ஸ்கேல் மாடலும் சுங்க இலாகா கணக்கில் பொம்மை வரிசையில்தான் வருகிறது. பெட்டி கப்பலை விட்டு இறங்கும்போதே பாதி விலை ஏறிவிடுகிறது.

புல்லட் பிரியர்கள் பெரும்பாலும் வேறு வழி போகிறார்கள். மைஸ்டோ என்ற கம்பெனி ராயல் என்ஃபீல்டு கிளாசிக் வண்டியை இதே 12-ல் ஒரு பங்கு அளவில், உலோகமும் பிளாஸ்டிக்குமாகச் செய்து விற்கிறது. இது பெயிண்டோடு பூட்டி வரும் வண்டி. அதை வாங்கி, திருகாணிகளைக் கழற்றி, கம்பெனி பெயிண்டை உரித்துவிட்டு, தன் இஷ்டத்துக்குக் கலர் கொடுக்கிறார்கள்.

இங்கேதான் முதல் விபத்து நடக்கும். பெயிண்டு உரிக்கும் மருந்தை உலோகப் பாகத்துக்கு மட்டும் போட வேண்டும். பிளாஸ்டிக் பாகத்தையும் சேர்த்து முக்கிவிட்டால் போச்சு. காலையில் எழுந்து பார்த்தால் மட்கார்டு இருக்காது. கூழ்தான் இருக்கும்.

சைலென்ஸரில் உள்ள வெள்ளி முலாமை எடுப்பது சுலபம். வீட்டுக்குத் துணி வெளுக்கும் ப்ளீச் வாங்கி, கொஞ்ச நேரம் ஊற விட்டால் முலாம் கரைந்து ஓடிவிடும். எதற்கு எடுக்க வேண்டும் என்கிறீர்களா? முலாமுக்கு அடியிலும் அந்தத் தழும்புக் கோடு ஒளிந்திருக்கிறது!

கலர் அடிப்பது பெரிய வேலையா?

அதுதான் முழு வேலையும். ஒட்டுவது ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிந்துவிடும். பெயிண்டு மாதக்கணக்கில் இழுக்கும்.

முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும். அச்சில் இருந்து பாகம் சுலபமாகக் கழலுவதற்காகத் தடவிய எண்ணெய் பிளாஸ்டிக்கில் ஒட்டியிருக்கும். அதோடு நம் கை எண்ணெய் வேறு. போலீஸ்காரர்கள் பவுடர் தூவிக் கண்டுபிடிக்கிறார்களே, அதே கைரேகை எண்ணெய்தான். அதன் மேல் பெயிண்டு பிடிக்காது.

அடுத்து உப்புத்தாள். முதலில் 400 நம்பர், அப்புறம் 800, அப்புறம் 1,500. தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும்.

பிறகு பிரைமர். சாம்பல் கலர். அழகுக்காக அடிப்பது அல்ல. இது ஒரு துப்பறியும் ஆசாமி. வெறும் பிளாஸ்டிக்கில் கண்ணுக்குத் தெரியாமல் பதுங்கியிருந்த கீறல், குழி, கோடு எல்லாவற்றையும் சாம்பல் பிரைமர் காட்டிக்கொடுத்துவிடும். திரும்பவும் உப்புத்தாள். திரும்பவும் பிரைமர். அவசரக்காரர்கள் இந்த இடத்தில்தான் கழன்றுகொள்கிறார்கள்.

கனம்தான் எமன்

நிஜ வண்டிக்கு அடிக்கிற மாதிரி அடித்தால் குட்டி வண்டி குட்டிச்சுவர் ஆகிவிடும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பெயிண்டு வெறும் 0.1 மில்லி மீட்டர் கனம் ஏறினாலும், 12 மடங்கு பெரிதாக்கினால் 1.2 மில்லி மீட்டர். நிஜ புல்லட் டேங்கு முழுக்க ஒரு ரூபாய் காசுகளைப் பதித்துப் பூசினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் தெரியும். எஞ்சின் மேல் உள்ள ராயல் என்ஃபீல்டு எழுத்தெல்லாம் மூழ்கிப்போகும். மினுமினுக்கும் மெட்டாலிக் பெயிண்டும் ஆபத்து. நிஜ வண்டிக்கான பெயிண்டில் உள்ள மினுக்குத் துகள், குட்டி வண்டியில் கூழாங்கல் மாதிரி தெரியும்.

ஆகவே தண்ணீர் மாதிரி மெல்லிசாகக் கரைத்து, பனி படிகிற மாதிரி அடிக்க வேண்டும். ஒரு கோட்டிங். காய விட வேண்டும். இன்னொன்று. காய விட வேண்டும். நாலு, ஐந்து என்று போகும்.

சிவப்பு, மஞ்சள் அடிப்பதாக இருந்தால் அடியில் வெள்ளை வேண்டும். இல்லாவிட்டால் சிவப்பு செங்கல் கலராகிவிடும். சைலென்ஸருக்கு வெள்ளிப் பளபளப்பு வேண்டுமானால் அடியில் கண்ணாடி மாதிரி கறுப்பு வேண்டும். அந்தக் கறுப்பு மங்கினால் மேலே வரும் வெள்ளியும் ஈயப் பாத்திரம்தான்.

பெயிண்டு சுருங்கிச் சுருங்கி ஆமை ஓடு மாதிரி வெடிக்கிறதா? குற்றவாளியைத் தேடி அலைய வேண்டாம். எனாமல் பெயிண்டு மேல் லாக்கரை அடித்திருப்பீர்கள். லாக்கரில் உள்ள தின்னர், அடியில் இருக்கும் எனாமலைக் கடித்து எழுப்பிவிடும். லாக்கர் கீழே, எனாமல் மேலே. இந்த வரிசை மாறவே கூடாது.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் லாக்கர் பக்கமே போகக் கூடாது. காற்றில் உள்ள ஈரம் காயாத பெயிண்டில் இறங்கி, கறுப்பு டேங்கில் வெள்ளை பூத்துவிடும். ராத்திரி நல்ல கறுப்பு, காலையில் விபூதி!

முழுவதும் காய்ந்தபின் 2,000 நம்பர் தாளும் பாலிஷும். அதற்குமுன் ஒரு ராத்திரி முழுக்க எவர்சில்வர் டப்பாவைக் கவிழ்த்து மூடி வைப்பது நல்லது. தூசி விழாது. அதைவிட முக்கியம், யாரும் தொட மாட்டார்கள். "காய்ஞ்சிடுச்சா?" என்று ஒரு விரல் வந்து தொட்டால் தீர்ந்தது. ரேகை அப்படியே பதிந்துவிடும். யாருடைய ரேகை என்று விசாரிக்க போலீஸ் நாய் தேவையில்லை. வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

ஊசி முனையில் ஜோடிப்பு

பெட்டியில் வருவதை அப்படியே செய்தால் எல்லார் வண்டியும் ஒரே மாதிரி இருக்கும். அப்பா ஓட்டிய வண்டி, அண்ணன் விற்றுவிட்ட வண்டி, வாங்க ஆசைப்பட்டு வாங்க முடியாத வண்டி... அது மாதிரி வேண்டும் என்றால் கைவேலை வேண்டும்.

அதற்குக் கடைச் சாமான் தேவையில்லை. எரிந்துபோன மோட்டார் காயிலில் இருந்து உருவிய செம்புக் கம்பி கிளட்ச் கேபிள் ஆகும். கொஞ்சம் தடித்த கம்பியை வளைத்தால் கிராஷ் கார்டு. பால்பாயிண்ட் பேனா ஸ்பிரிங்கை நறுக்கினால் பின் ஷாக் அப்சார்பர். மாத்திரை அட்டையின் வெள்ளித் தாள் ரியர்வியூ கண்ணாடி. பழைய மணிபர்ஸ் தோலைச் சீவினால் பெட்டி, பை. சூடேறி நீலம் பாரித்த சைலென்ஸர் வேண்டுமா? கண்ணாடி மாதிரி நீலமும், அதற்கு மேல் ஊதாவும், பழுப்பும் பட்டும் படாமலும் தடவ வேண்டும். ரோட்டுப் புழுதிக்கு, நன்றாகச் சலித்த செம்மண்ணையே மட்கார்டு அடியில் ஒட்டுகிறவர்களும் உண்டு. இதைவிட அசலான கலர் எந்த டப்பாவிலும் கிடையாது.

கடைசியில் வருவது டேங்கு மேல் ஓடும் தங்கக் கோடு.

திருவொற்றியூர் தங்கக் கோடு

இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் பிறந்த புல்லட்டை நம் நாட்டிலேயே தயாரிக்க, மெட்ராஸ் மோட்டார்ஸ் கம்பெனி 1955-ல் அந்தக் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்தது. சென்னை திருவொற்றியூரில் தொழிற்சாலை எழும்பியது. இங்கிலாந்துக் கம்பெனி 1970-ல் இழுத்து மூடப்பட்ட பிறகும், திருவொற்றியூரில் புல்லட் பிறந்துகொண்டே இருந்தது.

அங்கே எத்தனையோ மெஷின்கள் வந்தன. ஆனால் டேங்கு மேல் போடும் அந்தக் கோட்டை மட்டும் ஒரே குடும்பத்து அண்ணன் தம்பிகள் கையால் போட்டார்கள். ஸ்கேல் இல்லை, டேப் இல்லை. பிரஷ்ஷில் பெயிண்டைத் தொட்டு, டேங்கின் வளைவோடு ஒரே இழுப்பு. உலகம் முழுக்க புல்லட்காரர்களுக்கு இந்தக் கோடு தெரியும்.

அதே கோட்டைக் குட்டி டேங்கில் போட வேண்டும். நிஜத்தில் 3 மில்லி மீட்டர் அகலம் என்றால், 12-ல் ஒரு பங்கில் 0.25 மில்லி மீட்டர். மூன்று, நான்கு தலைமுடியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த அகலம்! டேப்பை நூல் மாதிரி நறுக்கி ஒட்டிப் போடலாம். தண்ணீரில் ஊற வைத்து நழுவ விடும் ஸ்டிக்கரையும் ஒட்டலாம். பிரஷ்ஷால் இழுக்கிறவர்கள் அபூர்வம். மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுக்க வேண்டும்.

அப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு கோடு இழுக்கும் ஆட்கள் விருத்தாசலத்தில் இருக்கிறார்கள். சாமி பொம்மைக்குப் புருவம் எழுதுகிறார்களே, அது வேறு என்ன?

மண் சுருங்கும் ஊர்

பக்கத்தில் நெய்வேலி. பழுப்பு நிலக்கரியைத் தோண்டும்போது மேலே கிடக்கும் மண்ணோடு பீங்கானுக்கு உதவும் களிமண்ணும் வெளியே வருகிறது. அந்த மண்தான் பழமலைநாதர் கோயில் ஊரைப் பீங்கான் ஊர் ஆக்கியது. ஃப்யூஸ் கட்டையில் இருந்து பொம்மை வரை இங்கே வேகிறது. செராமிக் டெக்னாலஜியில் டிப்ளமோ சொல்லித்தரும் அரசு நிலையமும் இந்த ஊரில்தான் இருக்கிறது.

மண்ணைத் தண்ணீரில் கரைத்து, சோடியம் சிலிக்கேட் கொஞ்சம் சேர்த்தால் மோர் மாதிரி ஓடும். அதைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணீரைக் குடிக்கும். ஓரத்தில் ஆடை மாதிரி மண் கட்டும். நடுவில் உள்ளதைக் கொட்டிவிட்டால், உள்ளே கூடாக ஒரு பொம்மை நிற்கும். கோட்டைச் சுரண்டி, காய வைத்து, 1,000 டிகிரிக்கு மேல் சூளையில் வேக வைக்க வேண்டும். சிலதுக்கு கிளேஸ் பூசுகிறார்கள். சிலதுக்கு வெந்த பிறகு பெயிண்டு. சுரண்டுவதிலும் பெயிண்டிலும் பெண்கள் நிறையப் பேர்.

இந்த ஊரில் ஒரு பீங்கான் புல்லட் செய்ய முடியாதா?

முடியும். ஆனால் மண்ணுக்கு ஒரு குணம் உண்டு. காயும்போதும் வேகும்போதும் சுருங்கும். நூற்றுக்குப் பத்து சுருங்குகிறது என்று வைத்துக்கொண்டால், சூளையை விட்டு வரும்போது சக்கர இடைவெளி 114 மில்லி மீட்டர் இருக்க, அச்சில் 127 மில்லி மீட்டர் வைக்க வேண்டும். இந்தக் கணக்கு இங்கே தொழில் செய்கிறவர்களுக்குக் கைப்பாடம்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஹேண்டில்பார், சக்கரக் கம்பி மாதிரி மெல்லிய சமாச்சாரத்தை மண்ணில் வார்த்தால் சூளையில் துவண்டு விழுந்துவிடும். அதனால் பீங்கான் வண்டிக்குச் சக்கரம் அப்பளம் மாதிரி தட்டையாகத்தான் வரும். டேங்கும் சீட்டும் எஞ்சினும் மண்ணில். ஹேண்டில்பாரும் கம்பிகளும் இரும்பில் என்று கலந்து செய்தால்தான் கிட் மாதிரி கண்ணுக்கு நிற்கும்.

லாபம் ஒன்றும் இருக்கிறது. பிளாஸ்டிக் கிட்டுக்கு இரும்பு அச்சு வெட்ட லட்சக்கணக்கில் பணம் வேண்டும். ஆயிரக்கணக்கில் விற்றால்தான் முதல் திரும்பும். பிளாஸ்டர் அச்சுக்கு ஒரு மூட்டை பவுடர் போதும். ஏறக்குறைய நூறு வார்ப்போடு அது தேய்ந்துவிடும் என்பது வாஸ்தவம். ஆனால் நூறே நூறு வண்டி விற்க நினைக்கிறவருக்கு அதுவே போதுமே! பண்ருட்டிப் பக்கத்து கொலு பொம்மைக்காரர்கள் கிரிக்கெட் டீம் வரைக்கும் செய்துவிட்டார்கள். கொலுப்படியில் புல்லட் ஏறினால் யார் வேண்டாம் என்பது?

மூச்சுக்கு ஆபத்து

ஒன்றை மறைக்கக் கூடாது. அலமாரி வண்டிக்கும் பட்டறைப் பொம்மைக்கும் ஒரே எதிரி, காற்றில் இருக்கிறது.

காய்ந்த மண் பொம்மையைச் சுரண்டினால் பறக்கும் தூசியில் சிலிக்கா இருக்கிறது. வருஷக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் என்ற நோய் வரும். வந்தால் முழுக்கக் குணமாக்க மருந்து கிடையாது. ஈரத்தோடு இருக்கும்போதே துடைத்துவிட்டால் தூசி குறைவு. தரையைப் பெருக்காமல் தண்ணீர் விட்டுக் கழுவுவது நல்லது.

வீட்டில் குட்டி வண்டிக்கு ஸ்பிரே அடிக்கிறவருக்குத் தின்னர் ஆவி. ஜன்னலைச் சாத்திக்கொண்டு அடித்தால் தலை சுற்றும். பக்கத்தில் கொசுவர்த்தி புகைந்தால் தீயே பிடிக்கும். முகத்தில் கட்டும் கைக்குட்டை தூசியையே சரியாகத் தடுக்காது, ஆவியை எங்கே தடுக்கப்போகிறது?

பரணில் கிடக்கும் பழைய பெயிண்டு டப்பாவை எடுத்து அடிப்பதும் தப்பு. வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று மத்திய அரசு 2016-ல் விதி போட்டு, 2017 நவம்பரில் இருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய டப்பாவில் எவ்வளவு ஈயம் என்று யாருக்குத் தெரியும்? குழந்தைகள் வாயில் வைக்கும் பொருள் பொம்மை.

67 ஆயிரம் ரூபாய் பொம்மை!

கிளாசிக் 500 வண்டியை இந்தியாவில் 2020-ல் நிறுத்திய ராயல் என்ஃபீல்டு கம்பெனி, 2022-ல் அதே வண்டியை மூன்றில் ஒரு பங்கு அளவில் பொம்மையாகக் கொண்டுவந்தது. ஆர்டர் கொடுத்தால் கையால் பூட்டித் தருவார்கள். 900-க்கும் மேற்பட்ட பாகங்கள். விலை என்ன தெரியுமா? 67 ஆயிரம் சொச்சம் ரூபாய்! அந்தப் பணத்துக்கு ஓடுகிற வண்டியே ஒன்று, செகண்ட் ஹாண்டில், கிடைக்கும்.

அதையும் வாங்க ஆள் இருந்தார்கள். குட்டி வண்டிக்காக மனிதன் எவ்வளவு செலவு செய்வான் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டியதில்லை.

விருத்தாசலத்துப் பொம்மையோ டஜன் கணக்கில் வைக்கோல் சுற்றி லாரி ஏறுகிறது. மொத்த வியாபாரி சொன்னதுதான் விலை. சூளை எரிக்கும் கேஸ் விலை ஏறினால் தாங்கிக்கொள்ள வேண்டியது பட்டறைக்காரர். சந்தையில் சீனப் பொம்மை வந்து குவிந்தால் அடி வாங்குவது பெயிண்டு அடிக்கும் பெண்ணின் கூலி.

அச்சு வெட்ட, பெட்டி போட, கொலுவுக்கு முன்னால் விற்றுத் தர யாராவது முன்வந்தால், பீங்கான் புல்லட்டின் முதுகுக் கோட்டைச் சுரண்டவும், டேங்குக்குத் தங்கக் கோடு இழுக்கவும் ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. மணிமுத்தாற்றங்கரை ஊரில் கத்தியும் ஸ்பாஞ்சும் பிரஷ்ஷுமாக உட்கார்ந்திருக்கிறார்கள்.